புல்தரையா? பூந்தரையா?

இங்கிலாந்து தேசத்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிங்ஸ் கல்லூரியில் ஒரு பெரிய புல்தரை உண்டு. 1772-ஆம் வருஷம் முதல் பச்சைக் கம்பளம் போல வெட்டிப் பேணப்பட்டு வந்த தரை அது. 2019-இல் அதன் ஒரு பகுதியில் புல்லை நீக்கிவிட்டுக் காட்டுப் பூக்களின் விதையைத் தூவினார்கள். மறு வருஷமே பூத்துக் குலுங்கியது.

பலன் என்ன? 2023-இல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது: பக்கத்துப் புல்தரையைவிடப் பூந்தரையில் செடி, சிலந்தி, பூச்சி வகைகள் மூன்று மடங்கு அதிகம். இரை தேடி வரும் வௌவால்களும் மும்மடங்கு. ஓயாமல் வெட்டும் வேலையும் இல்லை.

"சீமையில் நடந்தால் நமக்கென்ன?" என்று வாசகர் கேட்கலாம். நமக்குத்தான் அதிகம் சம்பந்தம். அதை அறியத் தனுஷ்கோடி வரை போய் வர வேண்டும்.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவில் வீசிய புயல் அந்த ஊரை அழித்தது. அதன் பின் நெடுங்காலம் மணலும் மீனவர் குடிசைகளுமே மிச்சம். 2017 ஜூலை 27-ஆம் தேதி அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. இப்போது கார்களும் பஸ்களும் தாராளமாகப் போகின்றன. பிரயாணிகள் வந்தால் விடுதிகள் வரும். விடுதி வந்தால் வாசலில் புல்தரை வந்தாக வேண்டும் என்பது நம்மவர் எண்ணம். வெள்ளைக்காரர் பங்களாக்களில் தொடங்கிய மோகம் இது. அவர்கள் நாட்டில் வருஷம் முழுதும் மழை பெய்கிறது. புல் தானாக வளர்கிறது. இங்கே?

கணக்குப் பாருங்கள். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் அளவு நீர் பாய்ச்சினால்கூட, ஓர் ஏக்கர் புல்லுக்கு 20,000 லிட்டர் வேண்டும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டினால் குடிக்கத் தக்க நீர் ஊறுவதைக் கண்டு பலர் அதிசயிப்பார்கள். காரணம் எளிது. மழை நீர் மணலில் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் லேசாக மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால் கீழே சுமார் 40 அடி இருக்கும் என்பது நிலநூலார் கணக்கு. மேலே ஓர் அடி இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறி வரும் என்பதும் அதே கணக்குத்தான். புல்லுக்கு இறைத்தால் மீனவர் வீட்டுக் குடத்தில் உப்பு கரிக்கும்!

ஆனால் இந்த மணலுக்கு ஏற்ற பூந்தரையை இயற்கையே போட்டு வைத்திருக்கிறது. அதுதான் அடம்பு. நெய்தல் நிலப் பாடல்களில் புலவர்கள் 'அடும்பு' என்று பாடிய அதே கொடி. ஆட்டுக் குளம்பு போல் பிளந்த இலை, ஊதா கலந்த சிவப்புப் பூ. காலையில் விரிந்து வெயில் ஏறினால் வாடிவிடும். கணுவுக்குக் கணு வேர் விட்டுப் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்தும். கூடவே இராவணன் மீசைப் புல்லும் நின்று மணல் மேடுகளைக் காக்கிறது. தண்ணீர் ஊற்றுவார் வேண்டாம். உரம் போடுவாரும் வேண்டாம். அதன் மேல் சக்கரம் ஏற்றாமல் இருந்தால் போதும்!

பூந்தரை புதராகிப் பாம்பு அடையாதா என்று கேட்பது நியாயமே. கேம்பிரிட்ஜிலும் முன்முற்றத்துப் புல்தரையை விட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் ஓடியாடச் சிறிது இடமும், நடக்கப் பாதையும் இருக்கட்டும். மற்ற இடத்தில் அடம்பும் நித்தியகல்யாணியும் பூக்கட்டும். சீமை விதை இங்கே வேண்டியதில்லை.

2025 ஜூன் மாதம் தமிழக அரசு தனுஷ்கோடியில் சுமார் 524 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் சரணாலயத்தின் எல்லைக்கு வெளியே உள்ள விடுதிக்காரரும் நிலத்துக்காரரும் என்ன நடுகிறார்கள் என்பதும் முக்கியம்.

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் ராஷ்டிரபதியாக இருந்தபோது, டில்லி மாளிகையில் மூலிகைத் தோட்டமும், கண் பார்வையற்றோர் தொட்டும் முகர்ந்தும் அறியும் தோட்டமும் அமைத்தார். தோட்டம் என்பது பகட்டுக்கு அல்ல, பயனுக்கு என்று காட்டியவர் இந்தத் தீவின் பிள்ளை. அவருடைய ஊரில் புதிதாகக் கட்டிடம் எழுப்புகிறவர்கள், புல் கட்டைக்கு ஆர்டர் கொடுக்குமுன் மணலில் படர்ந்திருக்கும் அந்த ஊதாப் பூவை ஒரு தரம் குனிந்து பார்ப்பார்களா?