பதுவை நகர மருத்துவர் கண்டது



புனித அந்தோனியாரின் கல்லறை அமைந்துள்ள பதுவை நகரை அறியாதார் நம்முள் இலர். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர் பெர்னார்தீனோ ராமத்சீனி. தொழிலாளரைப் பற்றும் பிணிகள் குறித்து அவர் இலத்தீன் மொழியில் எழுதிய நூல் 1700-ஆம் ஆண்டில் வெளிவந்தது. குயவர், சுரங்கத் தொழிலாளர், மருத்துவச்சியர் முதலியோரைப் பற்றி விரித்துரைக்கும் அந்நூலில், கன்னியரைக் குறித்தும் ஒரு செய்தி உண்டு. இத்தாலியக் கன்னியர் மடங்களில் மார்பகப் புற்றுநோய் ஏனைய பெண்களிடத்தைவிட மிகுதி என்றும், அந்நோய் தலைகாட்டாத மடம் அரிது என்றும் அவர் எழுதினார். கருப்பைக்கும் மார்பகத்துக்கும் மறைவானதோர் இணக்கம் இருப்பதாகக் கருதினார். ஹார்மோன் என்னும் சொல்லே அன்று பிறந்திருக்கவில்லை.

அம்மறைவு பின்னர்ச் சிறிது சிறிதாக விலகிற்று. 1896-இல் கிளாஸ்கோ நகர மருத்துவர் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுடைய பெண்களின் சூற்பைகளை அகற்றியபோது கட்டி சுருங்கக் கண்டதாக எழுதினார். சூற்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், மாதவிடாய்ச் சுழற்சிதோறும் பால் நாளங்களின் உயிரணுக்களைப் பெருகத் தூண்டுகிறது. பெருகும்தோறும் பிழை நேர வாய்ப்பு உண்டு. இளவயதில் பூப்பெய்தி, மாதவிடாய் பிந்தி நிற்பவருக்குச் சுழற்சிகள் மிகுதி. கருவுற்றிருக்கும் காலத்திலும், பாலூட்டும் காலத்தில் பெரும்பாலும், அவை ஓய்கின்றன. முதற்பேற்றால் அவ்வுயிரணுக்களும் முதிர்ச்சியடைகின்றன. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை ஒருங்கே நோக்கிய அறிக்கை 2002-இல் வெளிவந்தது. மொத்தம் 12 மாதம் பாலூட்டினால் இந்நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ 4 விழுக்காடு குறைவதாக அது கணக்கிட்டது.

ஆகவே, கன்னியரிடம் மிகுந்து கண்ட நோய்க்குக் காரணம் அவர்தம் குற்றமன்று. அங்ஙனமே, "ஐந்து பிள்ளைகளுக்குப் பாலூட்டியவளுக்கு இது வருமா?" என்று மாமியார் கேட்பதும் பொருந்தாது. வாய்ப்புக் குறையுமேயன்றி ஒழிவதில்லை.

நம் கையில் உள்ளனவும் சில உண்டு. மாதவிடாய் நின்றபின் உடற்கொழுப்பிலிருந்தே ஈஸ்ட்ரோஜன் உண்டாவதால், அவ்வயதில் உடல் பருத்தல் தீது. நாள்தோறும் விரைந்து நடத்தல் நன்று. மது, அளவு சிறிதாயினும், வாய்ப்பைக் கூட்டும். (கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வீட்டில் வடிக்கும் திராட்சை இரசமும் மதுவே!) மாதவிடாய் நின்ற பின் உண்ணும் ஹார்மோன் மாத்திரைகளை மருத்துவரைக் கேளாது தொடரலாகாது.

எனினும் என்னை வருத்துவது வேறொன்று. வலியில்லாத கட்டி, காம்பு உள்ளிழுத்தல், தோலிற் குழிவு, இரத்தக் கசிவு ஆகியவற்றை நம் பெண்கள் கூச்சத்தால் மாதக்கணக்கில் மறைக்கின்றனர். வலி இல்லாததாலேயே தீங்கில்லை என்றும் எண்ணிவிடுகின்றனர். இல்லத்தரசியையாவது கணவனோ மகளோ வினவக்கூடும். நம் மக்களுக்கு எழுத்தறிவித்த சகோதரியரை வினவுவார் யார்? கட்டிகளுள் பெரும்பாலானவை புற்று அல்ல. ஆயினும் அதனை அறுதியிட வேண்டியவர் மருத்துவர். பாட்டி அரைத்துப் போடும் பற்று அன்று.

நம் நாட்டு அரசுத் திட்டத்தில் 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனைக்கு வழி செய்யப்பட்டுள்ளது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். செல்லும்போது பங்கிலுள்ள மடத்துச் சகோதரியரையும் உடன் வருமாறு அழையுங்கள்.