60 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு டிஷ்ஷும் முகப்பு அழகும்

தில்லியில் நான் வாடகைக்கு இருக்கும் அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கம் சென்ற வாரம் எனக்கு ஓர் அறிவிக்கை அனுப்பியது. பால்கனிக் கம்பியில் பொருத்தியிருக்கும் டிஷ் ஆன்டெனாவை ஏழு நாள்களுக்குள் அகற்ற வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம். காரணம் ஒரே வரியில்: கட்டடத்தின் முகப்பு அழகு கெடுகிறது. என் ஆன்டெனாவின் விட்டம் 60 சென்டிமீட்டர். அடுத்த வீட்டுப் பால்கனிக்கு வெளியே தொங்கும் ஏசி பெட்டி அதைவிடப் பெரியது. ஏசி எல்லோர் வீட்டிலும் இருப்பதால் அது அழகைக் கெடுப்பதில்லை போலும்.

இது என் வீட்டுச் சிக்கல் மட்டுமாக இருந்திருந்தால் செயலரோடு ஒரு தேநீர் அருந்திப் பேசித் தீர்த்துக்கொண்டிருப்பேன். இந்திய நகரங்களின் அடுக்ககங்களில் வாழும் பலருக்கு இத்தகைய தாள் வந்திருக்கும்; பெரும்பாலோர் கழற்றி வைத்துவிட்டு அதை மறந்திருப்பார்கள். மறக்க வேண்டிய விஷயமா என்பதே என் கேள்வி.

அப்பா இறந்தபின் அம்மா என்னுடன் வந்து இருக்கிறார். தமிழ் மட்டுமே அறிந்தவர். காலையில் நான் நூலகத்துக்குக் கிளம்பினால் மாலை திரும்பும்வரை அவர் காதில் விழும் தமிழ் தொலைக்காட்சியிலிருந்து வருவது மட்டுமே. சங்கம் ஒரேயொரு கேபிள் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்திருக்கிறது. அந்நிறுவனத்தின் தொகுப்பில் தமிழ் அலைவரிசை ஒன்றுகூட இல்லை. செயலரிடம் இதைச் சொன்னபோது, "மாதாஜி இந்தி கற்றுக்கொள்ளட்டுமே" என்று சிரித்தார். அவர் கெட்டவர் அல்லர். அம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட இரவில் தம் காரில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர். நல்ல மனிதர்கள் கையில் மோசமான விதி எப்படி இயங்குகிறது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

முகப்பு அழகு என்னும் வாதத்தை முதலில் வடிவகணிதத்தால் அளந்து பார்க்கலாம். தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே நிற்பவை. ஆகவே இந்தியாவில் எந்த டிஷ்ஷும் தெற்கு வானத்தைப் பார்த்தாக வேண்டும். தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையைச் சுமக்கும் ஜிசாட்-15 கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. தில்லியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 50 பாகை உயரத்தில் இருக்கும். எந்தத் திசையில் வைப்பது என்ற தெரிவு பயனருக்குக் கிடையாது. தெற்கு பார்த்த பால்கனி உள்ளவருக்கு அதுதான் இடம். வடக்கு பார்த்த வீட்டில் இருப்பவருக்கு மொட்டைமாடி ஒன்றே கதி. "தெரியாத இடத்தில் வையுங்கள்" என்று சங்கம் சொல்லும்போது, நடைமுறையில் "வைக்காதீர்கள்" என்றே சொல்கிறது.

மொட்டைமாடிக்கு வருவோம். அது பொது இடம், தனியாருக்குக் கொடுக்க முடியாது என்றார்கள். எங்கள் மொட்டைமாடியில் கைபேசி நிறுவனம் ஒன்றின் கோபுரம் நிற்கிறது. அதன் வாடகை சங்கக் கணக்கில் வரவாகிறது. அக்கோபுரம் தெருமுனையிலிருந்தே தெரியும். முகப்பு அழகு பற்றி அதற்கு எவரும் அறிவிக்கை அனுப்பவில்லை. ஆக, வருமானம் தரும் ஆன்டெனா உள்கட்டமைப்பு. வாடகைதாரரின் ஆன்டெனா ஆக்கிரமிப்பு.

இனிச் சட்டம். 1995 பிப்ரவரி 9 அன்று, வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், அலைக்கற்றை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேச்சுரிமையைத் தரும் 19(1)(அ) பிரிவில் செய்தியைப் பெறும் உரிமையும் அடங்கும் என்றது. சொல்லும் உரிமை மட்டும் இருந்து கேட்கும் உரிமை இல்லாவிட்டால் பேச்சுரிமை வெறும் தனிமொழியாகிவிடும். அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 1994 பிப்ரவரி 9 அன்று, ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் துருக்கிய வாடகைதாரர் ஒருவரின் டிஷ் வழக்கில் தீர்ப்பு வழங்கியது (தேதிப் பொருத்தம் தற்செயல்தான்; ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது). பிறநாட்டிலிருந்து வந்தவர் தம் தாயகத்தோடும் மொழியோடும் தொடர்பைக் காத்துக்கொள்ள விரும்புவதைச் சொத்துரிமையோடு சேர்த்து எடைபோட வேண்டும் என்பதே அதன் சாரம்.

சுவீடனில் நடந்தது இன்னும் கடுமையானது. ஸ்டாக்ஹோம் புறநகரான ரிங்கெபியில் குர்ஷித் முஸ்தபா, தர்சிபாச்சி என்னும் ஈராக்கியத் தம்பதியர் அரபி, பாரசீக நிகழ்ச்சிகளுக்காக டிஷ் வைத்தனர். வாடகை ஒப்பந்தம் அதைத் தடுத்தது. கழற்ற மறுத்ததால் மூன்று குழந்தைகளுடன் வீட்டை இழந்தனர். 2008 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அரசியல் செய்தி மட்டுமல்லாமல், பண்பாட்டு நிகழ்ச்சிகளும் பொழுதுபோக்கும்கூடச் செய்தி பெறும் உரிமைக்குள் வரும் என்றது. "அம்மா சீரியல்தானே பார்க்கிறார்" என்று என்னிடம் சொன்ன பேராசிரிய நண்பருக்கு அத்தீர்ப்பைப் பரிந்துரைக்கிறேன்.

வீட்டுரிமையாளர் சங்கங்களின் தாயகமான அமெரிக்காவில் இதைச் சட்டமே தீர்த்தது. 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் பணித்தபடி, கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் அதே ஆண்டில் ஒரு விதி கொண்டுவந்தது. ஒரு மீட்டர் அல்லது அதற்குக் குறைந்த விட்டமுள்ள டிஷ்ஷை, தம் தனிப் பயன்பாட்டில் உள்ள இடத்தில் ஒருவர் வைப்பதைச் சங்கம் தடுக்க முடியாது. நியாயமின்றித் தாமதப்படுத்தவோ செலவை ஏற்றவோ கூடாது. 1999 முதல் வாடகைதாரருக்கும் இது பொருந்தும். பாதுகாப்பு காரணமாகக் கட்டுப்பாடு விதிக்கலாம்; ஆனால் காரணம் எழுத்தில் தெளிவாக இருக்க வேண்டும், மெய்ப்பிக்கும் பொறுப்பு சங்கத்தினுடையது. இவ்விதியின் பின்னால் செயற்கைக்கோள் நிறுவனங்களின் வணிக நலன் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. குறையும் உண்டு: பொது மொட்டைமாடிக்கு அது பொருந்தாது, ஆகவே டிஷ் வைக்கத் தோதான பால்கனி இல்லாதவருக்கு அங்கும் விடிவில்லை. அமெச்சூர் வானொலியாளர்களையும் அது காக்கவில்லை. அவர்களுக்கான 1985ஆம் ஆண்டின் ஆணை உள்ளாட்சிகளைக் கட்டுப்படுத்துமே அன்றிச் சங்கங்களை அல்ல.

நம் நாட்டில் அந்தக் குறையுள்ள விதிக்கு இணையான நாடு தழுவிய விதிகூட இல்லை. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் நிறுவனங்களின் வழியுரிமைக்குத் தனி அத்தியாயம் உண்டு. தன் வீட்டில் ஆன்டெனா வைக்க விரும்பும் குடிமகருக்கு ஒரு வரி இல்லை. நாய் வளர்ப்பவர் நிலை பரவாயில்லை. பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் சங்கம் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

எதிர்வாதங்களில் இரண்டு மதிப்புக்குரியவை. துணைவிதி என்பது உறுப்பினர்கள் தாமே ஒப்புக்கொண்ட ஒப்பந்தம், அதில் அரசமைப்பு நுழையாது என்பது முதலாவது. 2005இல் ஜொராஸ்திரியக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் திசையில்தான் சென்றது. ஆனால் அது யார் உறுப்பினராகலாம் என்பது பற்றிய வழக்கு. உள்ளே வாழ்பவர் எதைக் கேட்கலாம், பார்க்கலாம் என்பது பற்றியதல்ல. மேலும் 2023 ஜனவரியில், கௌசல் கிஷோர் வழக்கில், 19, 21 பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதோர்க்கு எதிராகவும் வலியுறுத்தலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறிவிட்டனர். வாடகைதாரரோ எந்தத் துணைவிதியிலும் கையெழுத்திட்டவர் அல்லர். வாக்கும் இல்லாமல் அபராதம் மட்டும் உள்ள ஆட்சிக்கு அரசறிவியல் மாணவர்கள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, பாதுகாப்பு. இதை முழுமையாக ஏற்கிறேன். ஒன்பதாம் மாடியிலிருந்து டிஷ் காற்றில் பெயர்ந்து விழுந்தால் உயிர் போகும். அப்படியானால் எத்தனை திருகாணி, எந்த அளவுக் கம்பி, யார் சோதிப்பது என்று விதி எழுதுங்கள். என் அறிவிக்கையில் காற்று என்ற சொல்லே இல்லை.

இணையம் வந்தபின் டிஷ் எதற்கு என்பவர்களுக்கு ஒரு கேள்வி: அந்த இணைய இணைப்பை எந்த நிறுவனம் தர வேண்டும் என்று முடிவு செய்வது யார்? அதே சங்கம். இலவச டிஷ்ஷுக்கு மாதச் சந்தா கிடையாது. அரசு 2017இல் தொடங்கிய சுயம்பிரபா கல்வி அலைவரிசைகள் அதில்தான் வருகின்றன. டிடி தமிழும் வருகிறது. அரசு செயற்கைக்கோள் வழியே நாடெங்கும் அனுப்பும் பாடத்தை, ஒரு வீட்டுக்குள் நுழையாமல் தடுக்க ஐந்து பேர் கையெழுத்திட்ட ஒரு தாள் போதும் என்பது விந்தை.

என் கோரிக்கை பெரிதல்ல. தனிப் பயன்பாட்டு இடத்தில் ஒரு மீட்டருக்குட்பட்ட ஆன்டெனாவுக்கு அனுமதி தேவையில்லை என்ற விதி; தெற்கு வானம் தெரியாத வீடுகளுக்கு மொட்டைமாடியில் பொதுவான ஒரு டிஷ்ஷும் அதிலிருந்து வீடுகளுக்குக் கம்பியும்; தகராறு தீரும்வரை அபராதம் கூடாது. உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்களையும் இதில் சேர்க்க வேண்டும். 2004 ஆழிப்பேரலையின்போது அந்தமானில் தொடர்புகள் அறுந்த வேளையில், போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினரின் வானொலிதான் செய்தி கொண்டுபோனது.

வரும் ஞாயிறு காலை பதினொரு மணிக்குச் சங்கத்தின் பொதுக்குழு. எனக்குப் பேச அனுமதி இல்லை என்பதால் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. ஆன்டெனா அதுவரை இருந்த இடத்திலேயே இருக்கும். இதே போன்ற அறிவிக்கை பெற்றவர்கள், சங்கத்தின் பெயரை மறைத்துவிட்டு அதன் வாசகத்தை மட்டும் கீழே பதிவிடுங்கள். சட்டத்துறை மாணவர்கள் இருவர் அவற்றைத் தொகுத்துத் தர முன்வந்திருக்கிறார்கள்.