பேம்பர்ஸ் கணக்கு மணமேல்குடிக்குப் பொருந்தாது

எந்த நிறுவனம் செய்த டயப்பராக இருந்தாலும் புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்து மணமேல்குடிப் பக்கம் அதற்குப் பெயர் பேம்பர்ஸ்தான். மருந்துக்கடையில் மட்டும் கிடைத்த காலம் போய்விட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக மளிகைக் கடைகளில் ஒற்றை ஒற்றையாகக்கூட வாங்கலாம். ஊருக்குப் போகும்போது மட்டும் போட்டுவிட்ட பொருள், பிறந்த வாரத்திலிருந்தே இரவும் பகலும் போடும் பொருளாகிவிட்டது. பேத்திக்குப் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டப் போகும் பாட்டிக்கு வீட்டிலேயே பதில் தயாராக இருக்கிறது: துணி என்றால் ஈரம் தங்கும், புண் வரும், கழுவியே தண்ணீர் தீர்ந்துவிடும், வேலைக்குப் போகிறவளுக்கு அதற்கு நேரம் ஏது? கொஞ்சம் படித்தவர்கள் இன்னொன்றும் சேர்த்துக்கொள்வார்கள்: மேல்நாட்டில் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள், சுற்றுச்சூழலுக்கு இரண்டும் ஒன்றுதானாம்.

இவற்றுள் ஒரு வாதத்தில் உண்மை நிறைய இருக்கிறது. மற்றவை இந்தக் கரையில் நிற்காது.

மேல்நாட்டு ஆராய்ச்சியை முதலில் பார்க்கலாம். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2005இல் ஓர் ஆய்வையும் 2008இல் அதைத் திருத்திய இன்னொன்றையும் வெளியிட்டது. குழந்தைக்கு இரண்டரை வயது ஆகும்வரை தூக்கியெறியும் டயப்பர் போட்டால், உண்டாகும், புவியை வெப்பமாக்கும் வாயுக்கள் சுமார் 550 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். துணி என்றால் சுமார் 570 கிலோ. இந்த இரண்டு எண்களும்தான் உலகம் சுற்றி, "இரண்டும் ஒன்றுதான்" என்ற பேச்சாக மாறின. துணியின் கணக்கு ஏன் 570க்கு ஏறியது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. தண்ணீரைச் சூடாக்கித் துவைக்கும் இயந்திரம், சூடான காற்றில் சுழற்றி உலர்த்தும் இன்னொரு இயந்திரம், இரண்டும் தின்னும் மின்சாரம் ஆகியவைதான் அதில் பெரும்பங்கு. எல்லாத் துணியையும் உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் துணியின் சுமை 43 விழுக்காடு கூடும் என்கிறது அதே அறிக்கை. கொடியில் காயப்போட்டு, இயந்திரம் நிறையத் துவைத்து, அதே துணியை அடுத்த குழந்தைக்கும் கட்டினால் 40 விழுக்காடு, அதாவது சுமார் 200 கிலோ, குறையும் என்றும் சொல்கிறது.

மணமேல்குடியில் எந்த வீட்டில் துணி உலர்த்தும் இயந்திரம் இருக்கிறது? குழந்தைத் துணிக்காக யார் மின்சாரத்தில் வெந்நீர் போடுகிறார்கள்? பச்சைத் தண்ணீரில் அலசி, வேலியிலோ மாடியிலோ விரித்தால் வெயிலும் கடற்காற்றும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. ஒரு குழந்தையின் துணி தம்பி தங்கைக்குப் போவதும், சித்தி வீட்டுக்குப் போவதும் இங்கே யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பிரிட்டன் ஆய்வு எந்த நிபந்தனைகளின் பேரில் துணி மேல் என்று சொன்னதோ, அத்தனையும் இங்கே அன்றாட வழக்கம். அந்த நாட்டு அரசே 2023இல் வெளியிட்ட புதிய ஆய்வில், தங்கள் வீட்டு நிலைமையிலும் துணியே 25 விழுக்காடு குறைவாக வெப்பமூட்டுகிறது என்று கண்டது: துணிக்கு 345 கிலோ, டயப்பருக்கு 457 கிலோ. பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தச் செய்தி வந்து சேரவில்லை.

அடுத்தது தண்ணீர். கடலோரத்துக் கிணறுகள் பலவற்றில் உவர்ப்பு. நல்ல தண்ணீருக்குக் குழாயடியில் குடத்தோடு நிற்கிற ஊரில் இந்தக் கவலையை அலட்சியமாக ஒதுக்க முடியாது. கணக்குப் போட்டே பார்க்கலாம். மெல்லிய பருத்தித் துணி நாளுக்கு எட்டு, பத்து சேரும். ஊறவைக்க ஒரு வாளி, சோப்புத் தூளுக்கு ஒரு வாளி, அலச ஒரு வாளி என்றால் 45 லிட்டருக்குள் முடிந்துவிடும். கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று ஜல் ஜீவன் திட்டம் கணக்கு வைத்திருக்கிறது. குழந்தையும் அந்த வீட்டில் ஓர் ஆள்தான். முதல் அலசலைக் கழிப்பறையில் கொட்டியபின், கடைசி அலசல் தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் போகலாம். குடிதண்ணீரும் தேவையில்லை. உவர் நீரில் சோப்புக்கட்டி நுரைக்காது, வெள்ளைப் பிசுக்காகத் துணியில் படியும். படிந்தால் துணி உறிஞ்சாது. சோப்புத் தூளில் அந்தத் தொல்லை குறைவு என்பது இந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தெரிந்ததே. துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவங்களை மட்டும் குழந்தைத் துணிக்கு ஊற்றக்கூடாது. அவையும் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும்.

டயப்பருக்குத் தண்ணீரே செலவாகவில்லை என்று நினைப்பதும் தவறு. அதன் நடுவில் இருக்கும் பஞ்சு மரக்கூழிலிருந்து வருவது. மரக்கூழ் ஆலை தண்ணீரைக் குடிக்கும் ஆலை. அந்தத் தண்ணீர் மணமேல்குடி வீட்டுக் குழாயில் கணக்காகவில்லை, அவ்வளவுதான்.

இனி, இந்த விவகாரத்தில் யாரும் பேச விரும்பாத இடத்துக்கு வரவேண்டும். கழற்றிய பேம்பர்ஸ் எங்கே போகிறது?

மேலே பாலிபுரொப்பிலீன், கீழே பாலிஎத்திலீன், நடுவில் மரக்கூழும் சிறுநீரைக் கூழாக்கிப் பிடித்துவைக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் பொடியும் சேர்ந்ததுதான் டயப்பர். மக்க 500 ஆண்டு ஆகும் என்று துணியின் ஆதரவாளர்கள் மேடைதோறும் சொல்கிறார்கள். பேம்பர்ஸ் அமெரிக்கச் சந்தைக்கு வந்ததே 1961இல்தான்; 500 ஆண்டை யாரும் அளந்து பார்த்திருக்க முடியாது. அந்த எண் இல்லாமலேயே வாதம் நிற்கும். இன்று கழற்றியது அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் முடிக்கும்போதும் பிளாஸ்டிக்காகவே கிடக்கும் என்பது போதுமான கேடு.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் டயப்பரைச் சுகாதாரக் கழிவு என்றன. வீட்டார் அதைத் தனியே உறையிட்டுக் கொடுக்க வேண்டும் என்றன. அந்த உறையைத் தயாரிப்பாளர் பாக்கெட்டோடு தரவேண்டும் என்றும் அவை சொல்லின. விதிப்படியே சுற்றிக் கொடுத்தாலும், ஊராட்சியில் அதை வாங்கிக்கொள்பவர் யார்? தூய்மைக் காவலர். இரண்டு நாள் வெயிலில் கிடந்த, மலத்தோடு மடிக்கப்பட்ட டயப்பரை மற்ற குப்பையிலிருந்து கையால் பிரிக்கவேண்டியவர் அவர்தான். கைக்குழந்தையின் மலத்தில் கெடுதி இல்லை என்று வீடுகளில் நினைக்கிறார்கள். வயிற்றுப்போக்கைப் பரப்பும் கிருமிகள் பெரியவர் மலத்தில் இருப்பதுபோலவே அதிலும் இருக்கும். தன் பிள்ளையின் பீத்துணியைத் தொட அருவருக்கும் வீடு, அதே வேலையை இன்னொரு பெண்ணின் கையில் தள்ளிவிடுகிறது. துணிக்கு எதிராகச் சொல்லப்படும் "சுத்தம்" இந்த இடத்தில் நியாயமாகப் படவில்லை.

எரிக்கலாம் என்றால், சிறுநீரை உறிஞ்சி ஊதிய டயப்பர் எளிதில் எரியாது, புகைந்துகொண்டே கிடக்கும். புதைத்தால் நாய் தோண்டும். மீதி வாய்க்காலுக்கும் கண்மாய்க் கரைக்கும் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை அதை வெள்ளாற்றில் சேர்க்கிறது. வெள்ளாறு மணமேல்குடிப் பக்கம் கடலைச் சேர்கிறது. சேரும் கடல் சாதாரணக் கடல் இல்லை. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் அதுவே முதலாவது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டிய அந்தப் பரப்பில்தான், மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு மேயும் கடற்புல் வெளிகள் இருக்கின்றன. மீன்குஞ்சும் இறாலும் நண்டும் வளரும் இடமும் அதுவே. தமிழ்நாடு 2019 ஜனவரி முதல் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக்கைத் தடைசெய்தது. அந்தப் பட்டியலில் டயப்பர் இல்லை. தடை கேட்பது இந்தக் கட்டுரையின் நோக்கம் இல்லை. தடையே இல்லாத ஒரு பிளாஸ்டிக் இந்தக் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடமுடியாது.

புண் வரும் என்பது தாய்மார்களை மிகவும் பயமுறுத்தும் வாதம். இதில் பாதி சரி. நனைந்த துணியை மாற்றாமல் விட்டால் தோல் ஊறும், உரசும், சிவக்கும். டயப்பரின் கூழ்ப்பொடி ஈரத்தைத் தோலிலிருந்து விலக்கி வைப்பதும் உண்மை. ஆனால் அந்த வசதியே ஒரு பொறியாகிறது. வெளியே ஈரம் தெரியாததால் நான்கு மணி நேரத்தில் மாற்றவேண்டியது எட்டு மணி நேரம் கிடக்கிறது. பத்து ரூபாய்ப் பொருளைப் பாதியில் கழற்ற மனம் வராது என்பதும் சேர்ந்துகொள்கிறது. சிறுநீரும் மலமும் கலக்கும்போது மலத்திலுள்ள நொதிகள் தோலை அரிக்கின்றன. கடலோரப் புழுக்கத்தில், பிளாஸ்டிக் மூடிய இடுக்கில் பூஞ்சையும் வளர்கிறது. இரண்டு முறைக்கும் மருந்து ஒன்றே: அடிக்கடி மாற்றுவது, கழுவித் துடைப்பது, கொஞ்ச நேரம் காற்றாட விடுவது. துணி நனைந்தால் கைக்கு உடனே தெரியும். பகலெல்லாம் அரைஞாண் கயிற்றோடு திண்ணையில் புரளும் குழந்தைக்குக் காற்றாட்டத்தைத் தனியாக ஏற்பாடு செய்யவும் வேண்டாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயமும் உண்டு. நீட்டிய கால்மேல் குழந்தையை உட்காரவைத்து "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுத்து ஒன்றுக்குப் போகப் பழக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. வியட்நாமியத் தாய்மார்கள் இதேபோல் சீழ்க்கையொலி கொடுத்துப் பழக்குவதை வியட்நாம், சுவீடன் ஆய்வாளர்கள் சேர்ந்து கவனித்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் இரண்டு வயதுக்குள் தாமாகவே போகத் தேறிவிட்டார்கள். சுவீடன் குழந்தைகளுக்கு மூன்று வயதானது. நனைந்தது குழந்தைக்கே தெரியாதபடி செய்யும் பொருளை நாள் முழுதும் மாட்டிவிட்டு, மூன்று வயதில் ஏன் பழகவில்லை என்று கேட்பதில் பயனில்லை.

பணம். நாளுக்கு நாலு, ஒன்று பத்து ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டு ஆண்டில் 2,920 டயப்பர், 29,200 ரூபாய். 2025 செப்டம்பரில் குழந்தை நாப்கின்களுக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5க்கு இறங்கியது; அதனால் கணக்கு பெரிதாக மாறிவிடாது. 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். நூறு நாளும் முழுக் கூலி கிடைத்தாலும் 33,600. ஓராண்டு முழுக் கூலியில் பெரும்பகுதி ஒரு குழந்தையின் டயப்பருக்கே போய்விடும். புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் அரசு தரும் மகப்பேறு உதவி, ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து, 18,000 ரூபாய். தாய் தேறுவதற்கென்று வரும் அந்தப் பணம் முழுவதும் போனாலும் டயப்பர் செலவுக்குப் போதாது. மறுபக்கம், ஒரு நாலு முழ வேட்டியில் அறுபது சென்டிமீட்டர் சதுரமாக ஆறு துணி கிடைக்கும். நாலு பழைய வேட்டி போதும். அழுத்துப் பித்தானும் ஈரம் கசியாத மேல்துணியும் வைத்துத் தைத்த புதுவகை நாப்பிதான் வேண்டும் என்றால், ஒன்று 400 ரூபாய் வீதம் இருபது வாங்கினாலும் 8,000. அதுவும் அடுத்த குழந்தைக்கும் ஆகும்.

நேரத்தைப் பற்றிய வாதம்தான் கனமானது. அதை மறுக்கக்கூடாது. கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஆண்கள் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். கடலுக்குப் போகும் வீட்டில் ஆண் விடியும்வரை கரையில் இல்லை. பிள்ளையும் சமையலும் தண்ணீரும் ஒரே பெண்ணின் தலையில். அறுவைப் பிரசவம் ஆகி, குனிந்து வாளி தூக்க முடியாத தாயிடம் போய்த் துணியின் பெருமையைப் பேசுவது கொடுமை. அடைமழைக் காலத்தில் துணி இரண்டு நாளானாலும் காயாது என்பதும் உண்மையே. அவளுக்கு இரவில் ஒன்று, பேருந்துப் பயணத்தில் ஒன்று, மழை நாளில் இரண்டு என்று பேம்பர்ஸ் தேவைப்பட்டால் அது குற்றம் ஆகாது. நாளுக்கு நான்கு என்பது ஒன்றாகக் குறைந்தாலே மேலே சொன்ன செலவிலும் குப்பையிலும் முக்கால் பங்கு போய்விடும். வீட்டில் இருக்கும் அப்பாக்கள் அலசத் தெரியாதவர்களும் இல்லை. வலையைக் கழுவி உலர்த்தும் கைக்குக் குழந்தைத் துணி பாரமாகாது.

இந்தச் சுமையைத் தாயிடம் மட்டும் விட்டுவிடாமல் அரசும் கைகொடுக்க வழி இருக்கிறது. அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்குத் தரும் பரிசுப் பெட்டகம் 2015இல் தொடங்கியது. அதன் 16 பொருட்களில் நாப்கினும் ஒன்று. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் சீருடையை இன்றும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள்தான் தைக்கிறார்கள். அதே கைகளுக்கு, விரைவில் காயும் மெல்லிய பருத்தியில் இருபது நாப்பியும் கசியாத மேல்துணி நான்கும் தைக்கும் வேலையைக் கொடுத்து, அந்தப் பெட்டகத்தில் சேர்க்க வேண்டும். கிராமச் சுகாதாரச் செவிலியர் தடுப்பூசி நாளில் அதைக் கட்டும் முறையையும் துவைக்கும் முறையையும் ஐந்து நிமிடம் காட்டினால் போதும். மாநிலம் முழுவதும் ஒரே நாளில் முடியாது என்றால், கடற்பசுவுக்குப் பாதுகாப்பகம் அறிவித்த இந்தக் கரையிலிருந்து, மணமேல்குடி ஒன்றியத்திலிருந்து தொடங்கட்டும்.