ஒரே அளவு, முப்பது ஆண்டு

ஒரே அளவை நாள்தோறும் எடுத்து நோட்டில் எழுதிவைப்பதும் விஞ்ஞானமா என்று மாணவர்கள் சிலர் கேட்பதுண்டு. குமாஸ்தா வேலைபோல் தோன்றுகிறதாம்! ஓசோன் குறைகிறது என்ற எச்சரிக்கை அத்தகைய வேலையிலிருந்துதான் வந்தது.

அண்டார்க்டிகாவில், கடலில் மிதக்கும் பனித்தட்டின்மேல் ஹாலி என்ற ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. 1957-ல் தொடங்கவிருந்த சர்வதேசப் புவிபௌதிக ஆண்டுக்காக 1956-ல் பிரிட்டிஷார் அமைத்தது. ஆண்டில் நூறு நாட்களுக்கு மேல் அங்கே சூரியன் உதிப்பதில்லை. முதலில் கட்டிய கட்டடங்கள் பனியில் புதைந்துபோயின. இப்போதிருப்பது ஆறாவது.

அங்குள்ளவர்கள் டாப்சன் கருவியைக்கொண்டு ஓசோனை அளந்துவந்தனர். புற ஊதாக் கதிர்களில் ஓசோன் மிகுதியாக உறிஞ்சுவது ஒன்று, குறைவாக உறிஞ்சுவது ஒன்று. இவ்விரண்டும் எந்த விகிதத்தில் தரையை அடைகின்றன என்று பார்த்தால், தலைக்குமேல் உள்ள ஓசோனின் அளவு தெரிந்துவிடும். தொடக்க ஆண்டுகளில் அக்டோபர் மாதச் சராசரி சுமார் 300 டாப்சன் அலகு. அவ்வளவு ஓசோனையும் தரைமட்டத்திற்குக் கொண்டுவந்து பரப்பினால் 3 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். நம்மைக் காக்கும் போர்வை அவ்வளவே!

1984 அக்டோபரில் அந்த எண் சுமார் 200. கருவியில்தான் பழுதோ என்று ஐயுற்று, வேறொரு கருவியாலும் அளந்து பார்த்தார்கள். அதுவும் அதையே சொல்லிற்று. ஜோசப் பார்மன், பிரையன் கார்டினர், ஜொனதன் ஷாங்க்ளின் ஆகிய மூவரும் 1985 மே மாதம் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டனர். குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள் ஓசோனைச் சிதைக்கக்கூடும் என்று 1974-லேயே மொலினாவும் ரோலண்டும் கூறியிருந்தனர். 1987-ல் மான்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது.

அப்போது ஓசோனை அளக்கும் அமெரிக்கச் செயற்கைக்கோளும் வானில் இருந்தது. ஆனால் வழக்கத்துக்கு மாறான மிகக் குறைந்த எண்களை ஐயத்திற்குரியவை என்று ஒதுக்கும்படி அதன் கணிப்பொறி முறை அமைக்கப்பட்டிருந்தது. தரையில் இருந்தவர்களிடமோ பழைய நோட்டு இருந்தது. 300 என்று எழுதிய பக்கங்கள் இல்லாவிட்டால் 200 யாரை உலுக்கியிருக்கும்? விட்டுப்போன 1957-ஐ 1984-ல் போய் அளக்க முடியுமா?

அதனால்தான், செயற்கைக்கோள் இருக்கத் தரையில் எதற்கு வீண்செலவு என்ற வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. பனித்தட்டில் பிளவு கண்டதால், 2017 முதல் ஹாலியில் குளிர்காலத்தில் ஆட்கள் தங்குவதில்லை. கருவிகளைத் தாமே இயங்கும்படி செய்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் வேறு வழியில்லை. ஆயினும் ஆளை விலக்கலாம், அளவை நிறுத்தக்கூடாது. அண்டார்க்டிகாவின் ஓசோன் 1980-ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ 2066 ஆகும் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. அதுவரை அக்டோபர்தோறும் அந்த எண் எழுதப்பட்டாக வேண்டும்.