கத்தரிக்கோலுக்கும் ஒரு கைதட்டல்

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

நம் கல்லூரியில் சினிமா பேசாத மரத்தடி இல்லை. நாயகன் யார், பாட்டு எப்படி, வசனம் எப்படி என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். ஆசிரியர்கள் சிலரோ, "சினிமாவா? பொழுதைக் கெடுக்கும் வேலை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். இரு சாராரும் செய்யும் தவறு ஒன்றே என்பது என் எண்ணம். படம் எப்படி உருவாகிறது என்று அறியாமலே அதைப் போற்றவும் தூற்றவும் செய்கிறோம்.

என் பெரியப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். சிறுவயதில் எனக்கு ஒரு சாண் நீளப் பிலிம் துண்டு கொடுத்தார். விளக்கொளியில் பிடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு படங்கள், எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. "இது அரை நொடிடா" என்றார். நொடிக்கு 24 படங்கள். ஒவ்வொன்றும் திரையில் அசையாமல்தான் நிற்கும். அடுத்தது வந்து அமரும் கணத்தில் ஒரு தகடு சுழன்று ஒளியை மறைத்துவிடும். அசைவு திரையில் இல்லை; பார்க்கிற நம்மிடம் இருக்கிறது! சுருள் போய்க் கணினி வந்த பின்னும் அந்த 24 பெரும்பாலும் மாறவில்லை.

அசைவே இப்படியென்றால் கதை எப்படி? சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்தில், அப்புவும் அக்காள் துர்காவும் நாணல் பூத்த வெளியில் ரயில் பார்க்கப் போகும் காட்சி உண்டு. 1952 அக்டோபரில் ராய் படப்பிடிப்பைத் தொடங்கியதே அந்தக் காட்சியோடுதான். ஒரு வாரம் கழித்து மிச்சத்தை எடுக்கப் போனால் வெளி மொட்டையாகக் கிடக்கிறது. பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டன! மறுபடி பூக்கும்வரை, அதாவது அடுத்த ஆண்டுவரை, காத்திருந்தார்கள். படம்பிடித்த சுப்ரதா மித்ராவோ அதற்கு முன் சினிமாக் காமிராவை இயக்கியே அறியாதவர். ஓராண்டு இடைவெளியில் எடுத்த துண்டுகளைச் சில நிமிடக் காட்சியாக இணைக்க வேண்டும். பிள்ளைகளின் உடை, தலைமுடி, வெயிலின் சாய்வு, ஓடும் திசை எல்லாம் பொருந்த வேண்டும். நான் மூன்று முறை பார்த்தேன். ஒட்டு எங்கே என்று தெரியவில்லை.

நாயகன் தோன்றியதும் விசில் அடிக்கிறோம். இந்தப் படத்தைத் தொகுத்த துலால் தத்தாவின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

"இதையெல்லாம் தெரிந்துகொண்டால் ரசனை போய்விடும்" என்கிறான் என் அறை நண்பன். எனக்குப் போகவில்லை. பிலிம் துண்டு கையில் வந்த பிறகும் கொட்டகையில் நான் அழுதுகொண்டுதான் இருந்தேன். யாப்பு படித்தவன் கவிதையை வெறுத்துவிட்டானா என்ன?

துறைத்தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். கருத்தரங்க அறையில் ஒரு மாலை, ஏதேனும் நல்ல படத்திலிருந்து பத்து நிமிடத்தை ஒலியை நிறுத்திவிட்டுத் திரையிடுங்கள். எத்தனை இடத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்போம். செலவு ஏதுமில்லை. பெரியப்பா தந்த துண்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அதையும் கொண்டு வருகிறேன்.