கடற்புல் ஆய்வு எவர் மொழியில்?

கடல்மல்லை எனத் திருமங்கையாழ்வார் பாடிய மாமல்லபுரத்தின் கரையில், கல்லைக் குடைந்து கோயில் கண்ட தமிழனின் கைத்திறனைக் காண உலகமே வந்து நிற்கின்றது. அக் கோயில்களுக்குக் கூப்பிடு தொலைவில் வலை உலர்த்தும் நெய்தல் நிலத் தமிழனின் அறிவைக் காண வருவார் மிகச் சிலரே. அச் சிலரும் தாம் கண்டதை ஆங்கிலப் பேழைக்குள் வைத்துப் பூட்டிவிடுகின்றனர். முட்டுக்காட்டிலும் கல்பாக்கத்திலும் நடுவணரசின் ஆய்வு நிலையங்கள் நிற்கும் இக் கரையில், ஆய்வின் மொழியாகத் தமிழ் இல்லை!

கடற்புல்லையே எடுத்துக்காட்டாகக் கொள்க. அது பாசியன்று, வேரும் தண்டும் உடையது, நீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கும் நிலைத்திணை. அலையடங்கிய ஆழமற்ற நீரில் தழைப்பது. மல்லைக் கரையோ அலை மோதும் திறந்த கரை. ஆதலின் தமிழகத்தின் பரந்த கடற்புல் வெளிகள் தெற்கே பாக்கு விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் உள்ளன. மீன்குஞ்சுக்கும் இறாலுக்கும் அது தொட்டில். மீனவர் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசுவுக்கு அதுவே மேய்ச்சல் நிலம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986-இல் கடல்சார் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டி 448 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் கடற்பசுக் காப்பகம் 2022 செப்தம்பரில் அமைந்தது. புல்வெளியின் பரப்பை அளத்தல், அதன் அடிமண்ணில் சேரும் கரியைக் கணித்தல், இழுவை வலையால் அழிந்த இடத்தில் மூங்கிற் சட்டத்திலும் நார்க்கயிற்றிலும் கட்டி மீண்டும் நடுதல் என, முனைவர் பட்ட ஆய்வாளர்க்கு அங்கே பணி மலிந்து கிடக்கின்றது. அப் பணிக்குச் செல்ல வேண்டியவர் எவர்? கடலிற் பிறந்து கடலில் வளர்ந்தவர் அல்லரோ?

2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வுரையைத் தமிழர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். கிழக்குக் கரையின் 40 கடலோரக் குடியிருப்புகளில் நிகழ்ந்த அவ் ஆய்வு, அறிவியலார் 10 இனம் எனப் பிரித்த கடற்புல்லை மக்கள் 50 வகையாகப் பிரித்தறிந்து பெயரிட்டிருந்ததைக் கண்டது. மருந்தாவது எது, உணவாவது எது, எருவாவது எது, ஆட்டுக்குத் தீனியாவது எது என்றெல்லாம் அவர்கள் அறிந்திருந்தனர். புறத்தே வயிரமுடையது புல், அகத்தே வயிரமுடையது மரம் என வகுத்த தொல்காப்பியத்தின் வழியினர்க்கு இஃது இயல்பே! ஆயின் அவ் ஆய்வுரை வெளிவந்தது ஆங்கிலத்தில். அறிவை ஈந்தவன் தன் அறிவையே படிக்க இயலாதவனாக நிற்கின்றான்.

இனி வாயிலைப் பாருங்கள். திங்களுக்கு 37,000 உருபா ஆய்வு உதவித்தொகை பெறுதற்குரிய முதன்மைத் தேர்வாகிய அறிவியல் தகுதித் தேர்வின் வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வருகின்றது. இந்தி பேசுவோன் தாய்மொழியில் வினாவைப் படிக்கலாம். தமிழன் படித்தல் கூடாது! வரிப்பணம் மட்டும் இருவரிடமும் ஒன்றுபோல் பெறப்படுகின்றது. பள்ளியில் தமிழ்வழி பயின்ற மீனவன் மகள் கடலை அறிந்திருந்தும் வினாவை அறியாமல் திரும்புகின்றாள்.

தில்லியை மட்டும் பழித்துப் பயனில்லை. தமிழகத்தின் பல்கலைக்கழகங்களை நடத்துவோர் தமிழரே. அங்கும் அறிவியல் ஆய்வேடு ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றது. தேர்வுகளைத் தாய்மொழியில் எழுத விடுமாறு பல்கலைக்கழக மானியக் குழுவே 2023-இல் கேட்டுக்கொண்ட பின்னும் தயங்குவது யாரைக் கண்டு அஞ்சி?

“ஆங்கிலமின்றி உலகம் நம் ஆய்வை அறியுமோ?” என வினவுவார் உளர். உலகிற்கு ஆங்கிலத்தில் எழுதுவதை எவரும் தடுத்திலர். உலகப் பொதுவான இலத்தீன் பெயரும் இருக்கட்டும். சப்பானியர் கடற்புல்லை ‘அமாமோ’ எனத் தம் மொழிப் பெயரால் வழங்குகின்றனர். தம் மொழியிலேயே ஆய்கின்றனர். அதனால் அவர்தம் அறிவியல் தாழ்ந்துவிட்டதோ?

ஆதலின் வேண்டுவன இவை: தகுதித் தேர்வின் வினாத்தாள் தமிழிலும் வருக! தமிழகக் கடலை ஆயும் ஒவ்வோர் ஆய்வேடும் தமிழிலும் எழுதப்பெறுக! அன்றேல் அதன் முழுச் சுருக்கமேனும் தமிழில் அச்சாகி, ஆய்வு நிகழ்ந்த குப்பத்திற்கே சென்று சேர்க! மீனவர் வழங்கும் பெயர்கள் தொகுக்கப்பெற்றுக் கலைச்சொற்களாக ஏற்கப்பெறுக! முதியோர் மறைந்தால் அவர் நாவிலுள்ள பெயர்களும் மறையும். இழுவை வலை அறுத்த புல்லை மீண்டும் நடலாம். மறைந்த சொல்லை எங்ஙனம் நடுவது? தமிழ் மாணவர்களே, உங்கள் நெறியாளரிடம் இன்றே கேளுங்கள்!