கெட்டதா, கெடுத்தார்களா?

தன்வினை, பிறவினை என்று கீழ் வகுப்புகளில் படித்தோம். 'திருந்தினான், திருத்தினான்' என்று எழுதிப் புள்ளி வாங்கியதோடு பலர் அதை மறந்தும் விட்டோம். 'கெடு' என்ற ஒரு சொல்லுக்காகவாவது அந்தப் பாடத்தை மீண்டும் புரட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

'கெடு' இரண்டு பக்கமும் போகும். வெளியில் வைத்த பால் கெட்டது. புளி பட்ட கரண்டி பாலைக் கெடுத்தது. வான்சிறப்பு அதிகாரத்தில் வள்ளுவர், பெய்யாமல் நின்று மக்களைக் கெடுப்பதும் மழைதான் என்கிறார். உயிர்களைக் காக்கும் மழையைக்கூட அவர் எழுவாய் இடத்திலிருந்து தப்பவிடவில்லை.

நாம்தான் தப்பவிடுகிறோம். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் கடையின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாகக் கதை கட்டினார்கள். கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அது வெறும் மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு அறிவித்தார். இதைச் சொல்ல வரும்போது 'நிலைமை மோசமடைந்தது' என்று எழுதுகிறோம், ஏதோ வானம் இருண்டதைப் போல. வீடியோவைப் பரப்பியவர்கள் அல்லவா அதை மோசமாக்கினார்கள்? அடுத்த மாதம் திகனையில் கடைகள் 'எரிந்தன' என்பதும் இதே மாதிரித்தான். எரித்தார்கள்.

பிறரைச் சொல்வது லேசு. நம் வீடுகளில் என்ன பேசுகிறோம்? 'அந்தப் பிள்ளைட பேர் கெட்டுப் போச்சு.' பெயர் என்ன பாலா, வெளியில் வைத்தால் தானாகக் கெட்டுப்போக? டியூஷன் வாசலில் எடுத்த ஒரு போட்டோவை யாரோ அனுப்பினார்கள். 'உண்மையா?' என்று கேட்டுக்கொண்டே பத்துப் பேர் அதை இன்னும் பத்துப் பேருக்கு அனுப்பினார்கள். கடைசியில் வகுப்புக்கு வராமல் நின்றவள் அவள் மட்டும்தான். அனுப்பியவர்களைக் கேட்டால், 'நாங்க என்ன செஞ்சம், வந்தத அனுப்பினம்' என்பார்கள். அவர்கள் அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. 'பிள்ளை கெட்டுட்டா' என்றால் இன்னும் வசதி. எழுவாயும் அவளே, குற்றவாளியும் அவளே.

ஆகவே உம்மாமாரிடமும் வாப்பாமாரிடமும் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு பேச்சு வீட்டுக்குள் வந்தால், 'கெடுத்தது யார்?' என்று பிள்ளைகள் கேட்க இடம் கொடுங்கள். அப்படிக் கேட்டால் ஏச்சுத்தான் விழும் என்கிறாள் என் தோழி. விழட்டும், நான் கேட்கத்தான் போகிறேன்.